மரியாதை அழுகை

நவம்பர் 4, திங்கள்

இன்று எங்கள் சலவைக் கடைக்கு வந்த புகார்கள் இரண்டு. ஒன்று, யாரோ ஒருவரின் வெள்ளைச் சட்டை ரோஸ் நிறமாகிவிட்டது. (எங்கள் தவறுதான். நான் ஒப்புக்கொள்ளவில்லை.) இரண்டாவது புகார் ஆட்டோவில் வந்து இறங்கியது. வயது ஏழு வாரம். பல் கிடையாது. தலைமுடி என்னைவிட அதிகம். வந்த நிமிஷத்திலிருந்து அழுகிறாள்.

தம்பி மகள் பிள்ளையோடு வந்துவிட்டாள். தம்பியும் அவன் பெண்டாட்டியும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, அவளுக்குப் பெரியவர்கள் என்று மிச்சம் இருப்பது நானும் என் வீட்டம்மாவும்தான். புருஷன்காரன் கப்பலில் இன்ஜின் பார்க்கிறான்; ஆறு மாதத்துக்குத் தண்ணீரை விட்டு வரமாட்டான். ஜனவரியில் இவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். "அதுவரைக்கும் உங்களோட இருக்கேன் பெரியப்பா" என்றாள். அவள் சொல்லாமல் விட்டதை வீட்டம்மா அடுப்படியில் சொன்னாள்: "சும்மா வரல. பிள்ளைய பகல்ல நம்மகிட்ட விட்டுட்டுப் போகலாமான்னு பாக்க வந்திருக்கா. எதையாவது கோமாளித்தனம் பண்ணிக் கெடுத்துடாதீங்க."

இருபத்தாறு வருஷக் கல்யாணம். இந்த வீட்டில் இதுவரை அழுத ஒரே குழந்தை நான்தான் என்பாள்.

கெடுக்கமாட்டேன்.

நவம்பர் 5, செவ்வாய்

தூக்கம் இல்லை. எதிர்வீட்டுக்காரர்களுக்கும் இல்லையாம். தெருவில் இவ்வளவு ஒற்றுமையை நான் பார்த்ததே இல்லை.

நவம்பர் 7, வியாழன்

இந்தக் கடையில் இவ்வளவு சத்தம் போட எனக்கே அதிகாரம் கிடையாது. ஆகவே அவளுக்கு 'முதலாளி' என்று பெயர் வைத்திருக்கிறேன்.

அழுகையைப் படிக்க ஆரம்பித்தாயிற்று. முப்பது வருஷமாகக் கறையைப் பார்த்தே இது குழம்பா, மையா, மனைவிக்குத் தெரியக்கூடாத உதட்டுச் சாயமா என்று சொல்கிறவன் நான். ஒரு பிள்ளை ஏன் அழுகிறது என்று சொல்ல முடியாதா என்ன? அகராதி மாதிரி எழுதிவைக்கிறேன்.

பசி அழுகை: குட்டை குட்டையாக, விட்டு விட்டு, கதவைத் தட்டுகிற மாதிரி. தன் கையையே தின்னப் பார்ப்பாள்.

காற்று அழுகை: முழங்காலை வயிற்றுக்கு மடக்கிக்கொண்டு, எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில். தோளில் போட்டுத் தட்டினால் ஏப்பம் வரும். ஏப்பத்தோடு வேறு சிலதும் என் சட்டையில் வரும்.

தூக்க அழுகை: முனகலில் தொடங்கும். அவளுடைய தூக்கத்தை நான் திருடி ஒளித்துவைத்திருப்பது போல என்னையே பார்ப்பாள்.

ஈரத்துணி அழுகை: எங்கள் தொழில் சம்பந்தப்பட்டது. நியாயமான புகார்.

சலிப்பு அழுகை: ஒரே முகத்தைப் பார்த்து அலுத்துப்போனால். பெரும்பாலும் அந்த முகம் என்னுடையது.

ஊரைக் கூட்டும் அழுகை: காரணம் கிடையாது. மாலை ஐந்துக்குத் தொடங்கும். பால், தோள், பாட்டு, கெஞ்சல் எதுவும் எடுபடாது.

படித்துக் காட்டினேன். தம்பி மகள் சிரித்தாள். வந்து மூன்று நாளில் இதுதான் முதல் சிரிப்பு. கண்ணுக்குக் கீழே கருப்பு. அவளுக்கு யார் அகராதி எழுதுவது?

நவம்பர் 9, சனி

கிளினிக்குக்கு எல்லோருமாகப் போனோம். நர்ஸம்மா முதலாளியைத் திருப்பிப் போட்டு, நிமிர்த்திப் போட்டு, காதைப் பார்த்து, வயிற்றை அமுக்கி, "ஒண்ணும் இல்லம்மா. சில பிள்ளைங்க இப்படித்தான். மூணு மாசம் தாண்டினா குறையும்" என்றார். "தோள்ல போட்டு நடங்க. விசிறிச் சத்தம், மிஷின் சத்தம் மாதிரி ஒரே சீரா ஒரு சத்தம் இருந்தா சிலது அடங்கும்."

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்: "அழறதுக்குப் பயப்படாதீங்க. அழாம இருந்தா வந்து சொல்லுங்க."

சத்தம் போட்டால் போ, போடாவிட்டால் வா என்கிற ஆஸ்பத்திரியை இன்றுதான் பார்க்கிறேன். வழி நெடுக இதையே சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தேன். நான் மட்டும்.

நவம்பர் 13, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்!

மாலை ஐந்து மணி. ஊரைக் கூட்டும் அழுகை. கவுண்டரில் ஆள் நிற்கிறது, வீட்டம்மா முறைக்கிறாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சலவை இயந்திரங்களைத் தாண்டி, கடைசியில் இருக்கும் உலர்த்தும் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினேன். ஓடி ஒளிந்தேன் என்பதுதான் சரி. அங்கே தண்ணீர் காய்ச்சும் கேஸ் பாய்லர் ஒரு பக்கம், துணி உலர்த்தும் டிரம் ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்து 'ம்ம்ம்' என்று ஒரே சுருதி. கதகதப்பு. துவைத்த துணி வாசம்.

முதலாளி வாயைத் திறந்தாள். மூடினாள். டிரம்மையே பார்த்தாள். அப்படியே தூங்கிவிட்டாள்.

துணிக்கூடையில் துண்டு மடித்துப் போட்டுப் படுக்கவைத்தேன். தம்பி மகள் கதவருகில் வந்து, வாயில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "எப்படி பெரியப்பா?"

"கைராசி" என்றேன்.

நவம்பர் 16, சனி

மூன்று நாளாக மாலை ஐந்து மணிக்கு இந்தத் தெருவில் அமைதி நிலவுகிறது. கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிவிட்டேன். அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி உலர்த்தும் அறையில் மாட்டினேன்: 'சத்தம் போடாதீர். முதலாளி உறங்குகிறார். சம்பளம் பற்றி எழுந்தபின் பேசலாம்.' மாட்டுவதற்கு ஆணி இருந்த இடம் பாய்லருக்கு மேல் மட்டும்தான். அங்கே முன்பே ஏதோ ஒரு மஞ்சள் ஸ்டிக்கர், பிசுக்கேறி இருந்தது. அட்டை அதை அழகாக மறைத்துவிட்டது.

பக்கத்துக் கடைத் தையல்காரி எட்டிப் பார்த்து, "ஏண்ணே, உங்க வாயிலேர்ந்து பாதி சத்தத்தயும் அந்த ரூம்ல போட்டு உலத்தக் கூடாதா?" என்றாள். பொறாமை.

நவம்பர் 19, செவ்வாய்

விடாத மழை. உலர்த்தும் அறையில் கூரைக்குக் கீழே ஒரு சதுர ஓட்டை உண்டு. அது வழியாக ஈரக்காற்று நேராகக் கூடைக்கு இறங்குகிறது. போதாததற்கு இரண்டு புறாக்கள் அதில் உட்கார்ந்து குடும்பச் சண்டை போடுகின்றன. முதலாளி இரண்டு முறை விழித்துவிட்டாள். தம்பி மகள், "குளிர் காத்து அடிக்குது பெரியப்பா, மேல வீட்டுலயே வெச்சுக்கறேன்" என்றாள்.

மேலேயா? மேலே போனால் அழுவாள். அழுதால் என் கைராசி என்னாவது?

ஸ்டூல் போட்டு ஏறினேன். ஓட்டையை அடைக்க எங்கள் கடையில் சரக்குக்கா பஞ்சம்? யாரும் வாங்க வராத துணிகள் ஒரு அலமாரி நிறைய. அதில் தடிமனானது ஒரு நீலக் கட்டம் போட்ட போர்வை. 'நாளைக்காரர்' போட்டது. கேட்கும்போதெல்லாம் "நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்" என்பார்; ஜூலையிலிருந்து சொல்கிறார். அதைச் சுருட்டி, துளி இடுக்கு விடாமல் திணித்தேன். கதவுக்கடியிலும் ஒரு பழைய துண்டு.

புறாச் சத்தம் நின்றது. காற்று நின்றது. அறை அடைகாக்கிற கோழி மாதிரி ஆகிவிட்டது.

நவம்பர் 20, புதன்

நாலு மணி நேரம் ஒரே தூக்கம். பால் குடிக்க எழுப்ப வேண்டியிருந்தது. எங்கள் முதலாளியை! எழுப்ப!

நவம்பர் 22, வெள்ளி

எனக்குத் தலைவலி. இரண்டு நாளாக. மூன்று வாரம் காதுக்குள் சங்கு ஊதினால் வராதா. மாலையில் கூடையின் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஜன்னல் கண்ணாடி முழுக்க வியர்த்து, நீர்க்கோடாக வழிகிறது. பாய்லரின் சின்னக் கண்ணாடி வழியாகத் தெரியும் நெருப்பு முன்பெல்லாம் நீலமாக இருக்கும், இப்போது மஞ்சள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. விளக்கு ஏற்றியது போல.

கடைத்தெருப் பூனை ஒன்று தினமும் இந்த அறையில் வந்து படுக்கும். மூன்று நாளாக வாசலோடு நின்றுவிடுகிறது. மீன் துண்டு காட்டினேன். பார்த்தது, போய்விட்டது. புதுப் பணக்காரி.

நவம்பர் 24, ஞாயிறு

விடுமுறை. பாய்லர் நிறுத்தம். முதலாளி நாள் முழுக்க மேல்வீட்டில் கத்தித் தீர்த்தாள். ஆறு அகராதிச் சொற்களையும் ஒரே மூச்சில். "உங்க ரூம் ஞாபகம் வந்துடுச்சுபோல" என்று வீட்டம்மா சொன்னதும் எனக்கு உச்சி குளிர்ந்தது. அவள் கிண்டலாகத்தான் சொன்னாள். பாராட்டு எந்த உருவில் வந்தாலும் நான் வாங்கிக்கொள்வேன்.

தலைவலி இல்லை. ஓய்வு என்றால் ஓய்வுதான்.

நவம்பர் 26, செவ்வாய்

அகராதியில் ஏழாவது சொல்.

மரியாதை அழுகை: உலர்த்தும் அறையில் தூங்கி எழும்போது மட்டும் வரும். சன்னமாக, பூனைக்குட்டி மாதிரி. ஒரு தடவை, இரண்டு தடவை, அப்புறம் நிறுத்திக்கொள்வாள். கையைக் காலை உதறுவதில்லை. 'தொந்தரவுக்கு மன்னிக்கவும், முடிந்தால் கவனியுங்கள்' என்று விண்ணப்பம் போடுகிற அழுகை.

மூன்று வாரத்தில் ஒரு பிள்ளைக்கு அழுகையிலேயே நாகரிகம் கற்றுக்கொடுத்த ஆள், இந்த ஊரில் வேறு யார்?

நவம்பர் 28, வியாழன்

தையல்காரி இன்று கொஞ்சம் தாழ்ந்த குரலில், "அண்ணே, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. பிள்ளைக்கு ஏதாச்சும் குடுக்கறீங்களா? இருமல் மருந்து கிருமல் மருந்துன்னு?" என்றாள்.

"என்ன பேச்சு இது?"

"இல்ல, கடைத்தெருவுல பேசிக்கறாங்க. அவ்வளவு கத்தின பிள்ளை எப்படி ஒரேயடியா இப்படி ஆகும்னு."

வந்த கோபத்தில் அவளிடமிருந்து ஓசி வாங்கிய ஊசியைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மருந்து கொடுக்கிறேனாம். கை வைத்தால் அடங்குகிறது, அது பொறுக்கவில்லை.

தம்பி மகளும் என்னவோ போலிருக்கிறாள். பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இவ இப்ப அழவே மாட்டேங்கறா பெரியப்பா" என்றாள்.

"அதுக்குத்தானே அம்மாடி இத்தனை பாடு?"

"இல்ல… பசிக்கும்போதுகூட. நானா எடுத்து வெச்சாத்தான் குடிக்கறா. பாதியில தூங்கிடறா."

வீட்டம்மா துணி மடித்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: "அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்னு சொல்லுவாங்க."

பழமொழிக்குப் பதில் பழமொழி சொல்லலாம் என்று யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. இப்போதெல்லாம் பேச்சுக்கு நடுவில் சொற்கள் எங்கேயோ போய்விடுகின்றன. நேற்று ஒரு வாடிக்கையாளரின் பையை இன்னொருவருக்குக் கொடுத்தேன். வயசு.

நவம்பர் 29, வெள்ளி

தடுப்பூசிக்குக் கிளினிக். காலையில் போனார்கள், ஒரே கூட்டம், மதியம் மூன்றுக்குத்தான் திரும்பினார்கள். முதலாளி அங்கே ஊரைக் கூட்டிவிட்டாளாம். நர்ஸம்மா, "நல்லா அழறா, சந்தோஷம். ஆனா எடை ஏறலையே, ஏன்?" என்று கேட்டிருக்கிறார். இவள் தூக்கம் அதிகம் என்று சொல்லியிருக்கிறாள். "எழுப்பிக் குடுங்க. அடுத்த வாரமும் இப்படியே இருந்தா கூட்டிட்டு வாங்க."

தம்பி மகள் இன்னொன்றும் சொன்னாள்: "அங்க இருந்தப்ப நல்லா முழிச்சிட்டு இருந்தா. என்னப் பாத்துச் சிரிச்சா பெரியப்பா. நெஜமாவே."

எனக்குச் சுருக்கென்றது. நான்கு வாரம் சுமந்தவனுக்கு ஒரு சிரிப்பு இல்லை. ஊசி குத்தின இடத்தில் சிரிப்பா?

ஐந்து மணிக்கு அறைக்குள் கொண்டுபோனேன். பத்து நிமிஷத்தில் உறங்கிவிட்டாள். நானும்.

டிசம்பர் 2, திங்கள்

வீட்டம்மா துணி எடுக்க உள்ளே வந்தவள் டிரம்மைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கிறுகிறுன்னு வருது. இந்த ரூம் என்னமோ புழுங்குது, கதவையாவது தெறந்து வைங்களேன்."

"சத்தம் வரும்."

"வந்தா வரட்டுமே."

திறந்தேன். அவள் போனதும் சாத்திவிட்டேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

தலை வெடிக்கிறது. நாளைக்குப் பரீட்சை. பரீட்சைக்கு முந்தின நாள் எனக்குச் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான்.

டிசம்பர் 4, புதன்

தம்பி மகள் இன்று அலுவலகம் போயிருக்கிறாள், திரும்ப வேலையில் சேரும் தாள்களில் கையெழுத்துப் போட. போக வர நாலு மணி நேரம். முதல் தடவையாகப் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, திரும்பி வந்து, போட்டுக்கொண்டு, திரும்பி வந்து… நான்கு முறை. கடைசியில் என் கையைப் பிடித்து, "நீங்க இருக்கீங்கள்ல பெரியப்பா" என்றாள். கேள்வி இல்லை. வீட்டம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இந்த வீட்டில் இனிமேல் பகலெல்லாம் ஒரு பிள்ளை இருக்கும்.

பால் கொடுத்தேன். பாதிதான் குடித்தாள். அழவில்லை. மழைக்கு உலர்த்த வேண்டிய துணி மலைபோல, அதனால் பாய்லரும் டிரம்மும் காலையிலிருந்தே ஓடுகின்றன. கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். மரியாதை அழுகை ஒரு தடவை. இப்போது அதுவும் இல்லை. நெருப்பு மஞ்சளாக, நல்ல மஞ்சள். கண்ணாடி பூரா தண்ணீர். எழுத்து ஏன் கோணுகிறது? முதலாளியின் கன்னம் என்ன சிவப்பு. ஒரு ஐந்து நிமிஷம் நானும் கண்ணை

டிசம்பர் 6, வெள்ளி

ஆஸ்பத்திரிக் கட்டில். வலது கையில் ஊசி. இடது கையால் எழுதுகிறேன். டைரியை வீட்டம்மா கொண்டுவந்து கொடுத்தாள். ஏன் கொடுத்தாள்? நடந்ததை எழுதிவைக்கச் சொல்கிறாளா, எழுதியதைப் படிக்கச் சொல்கிறாளா?

படித்தேன். எல்லாம் இருக்கிறது. தேதி போட்டு.

ஜூலையிலிருந்து "நாளைக்கு" சொன்ன மனிதர் புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்து நின்றிருக்கிறார், போர்வை வேண்டுமென்று. மழைக் குளிர். வீட்டம்மா சொன்னாள்:

"தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லிடலாமான்னு நெனச்சேன். வாய் வரைக்கும் வந்துடுச்சு. அப்புறம், நீங்க செஞ்சதுக்கு நீங்களே அந்தாள்கிட்ட அசடு வழியுங்கன்னுதான் உள்ள வந்தேன். உங்களத் திட்டத்தான் வந்தேன். சுவத்துல சாஞ்சு தூங்கிட்டு இருந்தீங்க. குறட்டை விடல. இருபத்தாறு வருஷத்துல நீங்க குறட்டை விடாம தூங்கி நான் பாத்ததில்ல."

அதனால்தான் தொட்டுப் பார்த்தாளாம். பிறகு கூடையைப் பார்த்தாள். தூக்கினாள். தலை தொங்கியது.

பிள்ளையை அவள் தூக்கிக்கொண்டு ஓட, என்னை நாளைக்காரர் முதுகில் சுமந்து மழையில் கொண்டுவந்திருக்கிறார். பிறகு திரும்பிப் போய், ஓட்டையிலிருந்த போர்வையை உருவித் தெருவில் எறிந்தாராம். எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை. ஞாபகம் தொடங்குவது ஆஸ்பத்திரி வராந்தாவில், மூக்கில் குழாய், அடுத்த கட்டிலில் அவள். அவ்வளவு சின்ன உடம்புக்கு அவ்வளவு பெரிய முகமூடி. ஒரு நர்ஸ் அவள் உள்ளங்காலைச் சுண்டுகிறாள். மறுபடி. "அழு. அழு தங்கம். அழு." வீட்டம்மாவும் சொல்கிறாள், டாக்டரும் சொல்கிறார், எல்லோரும் கெஞ்சுகிறார்கள்.

ஏழு வகை அழுகை எழுதிவைத்திருந்தேனே. ஒன்றுகூட வரவில்லை.

தம்பி மகள் நனைந்துபோய் வந்தாள். என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "எத்தனை மணிலேர்ந்து தூங்கினா?"

எனக்குத் தெரியவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

அழவில்லை.

டிசம்பர் 9, திங்கள்

காலையில் அழுதாளாம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன், எனக்குக் கேட்கவில்லை. வீட்டம்மா கேட்டதை நடித்துக் காட்டினாள். சன்னமாக, ஒரு தடவை. எனக்குத் தெரிந்த அழுகைதான். நான் பெயர் வைத்ததுதான்.

டாக்டர் கார்பன் மோனாக்சைடு என்றார். அதற்கு நிறம் இல்லை, வாசம் இல்லை, சத்தமும் இல்லை. "சின்ன உடம்பு, சீக்கிரம் ஏறிடும். ரெண்டு வாரமா கொஞ்சம் கொஞ்சமா ஏறியிருக்கு. அன்னிக்கு மொத்தமா ஏறிடுச்சு." பிழைத்துக்கொண்டாள். ஆனால் மூளை, காது, பார்வை எல்லாம் வளர வளரத்தான் தெரியும். "காத்திருந்து பாக்கணும்." தம்பி மகள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். டாக்டர் நிறுத்திய பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 12, வியாழன்

வீட்டுக்கு வந்தேன். பாய்லர்காரர் வந்திருந்தார், இரண்டு வருஷம் முன்பு பாய்லரை மாட்டிவிட்டுப் போனவர். ஓட்டையை நிமிர்ந்து பார்த்தார். போர்வை இப்போது அதில் இல்லை. "நெருப்பும் மூச்சு விடணும் சார். காத்து வர்ற வழிய அடைச்சா அது விஷத்தக் கக்கும். அன்னிக்கே சொல்லி ஒட்டிட்டுத்தானே போனேன்?"

எங்கே ஒட்டினீர்கள் என்று கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவரே என் அட்டையைக் கழற்றினார். அடியில் மஞ்சள் ஸ்டிக்கர். விரலால் பிசுக்கைத் துடைத்தார். 'காற்று வழியை அடைக்காதீர். உயிருக்கு ஆபத்து.' அட்டையை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். படித்திருப்பார். சிரிக்கவில்லை. சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இருமல் மருந்து கொடுக்கிறேனா என்று தையல்காரி கேட்டாளே. இருமல் மருந்து என்றால் பாட்டில் மேல் எழுதியாவது இருந்திருக்கும்.

டிசம்பர் 14, சனி

பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். இங்கே வரவில்லை. கப்பல்காரனின் அக்கா வந்து, தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டாள். பெட்டி எடுக்க மட்டும் தம்பி மகள் வந்தாள். கடைக்குள் நுழையவில்லை, வீட்டம்மாதான் மேலிருந்து எடுத்துவந்து வெளியே கொடுத்தாள்.

நான் கவுண்டருக்குப் பின்னால் நின்றேன். ஏதாவது சொல்ல வேண்டும். வாழ்நாள் முழுக்க வாய் வியாபாரம் செய்தவன்.

அவள்தான் சொன்னாள். "நீங்க வேணும்னு செய்யல. எனக்குத் தெரியும். அவ அழுகைய நிறுத்தணும்னுதானே எல்லாரும் நெனச்சோம்… நானும்தான். அவ அழாதப்ப நான் தூங்கினேன் பெரியப்பா. நல்லா தூங்கினேன்."

திட்டியிருக்கலாம்.

டிசம்பர் 16, திங்கள்

நாளைக்காரர் வந்தார். மழைச்சேறு படிந்த போர்வையை இரண்டு முறை துவைத்து, மடித்துக் கொடுத்தேன். "பாப்பா எப்படி இருக்கு சார்?" என்றார். காத்திருந்து பார்க்க வேண்டும் என்றேன். அவர் போர்வையைக் கவுண்டரிலேயே வைத்துவிட்டு, "நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்" என்று போய்விட்டார். எடுத்துப்போக மனம் வரவில்லை போலிருக்கிறது.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவான் என்று பிறரைப் பற்றி எத்தனை முறை வம்பு பேசியிருப்பேன். அவனுக்காவது தான் கிள்ளுவது தெரியும்.

நவம்பர் 26-ஐத் திருப்பினேன். ஏழாவது சொல்லை அடிக்கலாம் என்று பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை. அடித்துவிட்டால் நான் எழுதவே இல்லை என்று ஒருநாள் நம்பிவிடுவேன். பக்கத்தில் மட்டும் எழுதினேன்: 'தப்பு. இது விண்ணப்பம் இல்லை. அழப் பலம் இல்லை.'

டிசம்பர் 27, வெள்ளி

தொலைபேசி வருவதில்லை. வீட்டம்மா துணி மடிக்கும்போது, சின்னத் துண்டுகள் வந்தால் தனியாக ஒரு பக்கம் வைக்கிறாள். எதற்கென்று நான் கேட்பதில்லை. மாலை ஐந்து மணிக்கு இந்தத் தெரு எவ்வளவு அமைதி. காது அடைத்துப்போகிறது.

ஜனவரி 3, வெள்ளி

கண் பரிசோதனை சரியாக இருக்கிறதாம். காது இன்னும் பார்க்க வேண்டுமாம். தையல்காரி சொன்னாள். இவளுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். "உங்க வீட்டம்மாதான். தெனமும் என் கடையிலேர்ந்துதானே ஃபோன் பண்றாங்க? உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. கேட்டுக்கொள்ளவும் இல்லை.

ஜனவரி 18, சனி

மதியம் கடைசி இயந்திரத்திலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டம்மா கவுண்டரிலிருந்து கூப்பிடவில்லை, நேரே வந்து என் தோளைத் தொட்டாள்.

தம்பி மகள் வெளியே நடைபாதையில் நிற்கிறாள். தோளில் பிள்ளை. வாசற்படிக்கு அந்தப் பக்கம் சரியாக ஒரு முழம் தள்ளி. நான் படிக்கு இந்தப் பக்கம் நின்றேன். உள்ளே வா என்று சொல்லவில்லை.

முதலாளி… அந்தப் பெயரை இனிச் சொல்லலாமா தெரியவில்லை. பிள்ளை குண்டாகியிருந்தாள். தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. உடம்பு தூக்கிப் போட, சட்டென்று தலையைத் திருப்பினாள். லாரி இருந்த பக்கம். நான் தம்பி மகளைப் பார்த்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் கவனித்தேனா என்று.

பிறகு அழுதாள்.

வாயை முழுக்கத் திறந்து, முஷ்டியை முறுக்கி, கழுத்து நரம்பு புடைக்க. தையல்காரியின் மிஷின் நின்றது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. கடைத்தெருப் பூனை எழுந்து போயிற்று.

தம்பி மகள் தட்டிக்கொடுத்தாள். ஆடினாள். பிறகு, எத்தனையோ நாளைக்கப்புறம், என்னிடம் கேட்டாள். "இது என்ன அழுகை பெரியப்பா?"

வீட்டம்மா என்னைப் பார்த்தாள். பசி என்று நாக்கு நுனிவரை வந்தது. காற்று என்றும் வந்தது.

"தெரியலம்மா" என்றேன். "எனக்குத் தெரியல. நீ பாரு."

அவள் பார்த்தாள். காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், வயிற்றில், கால் விரல் ஒவ்வொன்றாக. அவசரப்படாமல், நடுத்தெருவில் நின்றபடி. பிள்ளை விடாமல் கத்திக்கொண்டே இருந்தாள். அரை மணி நேரம் இருக்கும். நாங்கள் யாரும் நிறுத்தப் பார்க்கவில்லை.

அழுகையில் துளிகூட மரியாதை இல்லை.